மன்னவனூர் புல்மேட்டில் மரம் நடலாமா?

வைகைக்கரை

நண்பர்களே, ஒரு குழப்பத்தோடு வந்திருக்கிறேன். மதுரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஐந்து வருடமாக மழைக்காலத்தில் மரக்கன்று நடுகிறோம். கண்மாய்க்கரை, பள்ளி வளாகம், சுடுகாட்டுப் பாதை என்று இதுவரை வைத்ததில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது. இந்த வருடம் கொடைக்கானல் மேல்மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். மன்னவனூர் போகும் வழியில் ஒரு பெரிய மேடு, ஒரு மரம்கூட இல்லாமல் வெறும் புல்லாகக் கிடக்கிறது. அங்கே 500 கன்று வைக்கலாம், அதுவும் நாவல், சண்பகம் மாதிரி மலைக்குச் சொந்தமான மரங்களாகவே வைக்கலாம் என்று திட்டம்.

போன வாரம் இடம் பார்க்கப் போனோம். அங்கே வந்த வனக்காவலர் ஒருவர், “இங்க மரம் வைக்காதீங்க தம்பி, இது இப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். சரி என்று திரும்பினால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நன்றாக வளர்ந்த வாட்டில் மரங்களை வெட்டி, சாலையோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடவும் கூடாது, இருப்பதையும் வெட்டுவார்கள் என்றால் எப்படி? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன்.

புல்மேடு

அந்தக் காவலருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது மொட்டை மேடு இல்லை. அதுவும் காடுதான், மரமில்லாத காடு.

பழனி மலை, நீலகிரி, ஆனைமலை, மூணாறு எல்லாவற்றிலும் 1,700, 1,800 மீட்டருக்கு மேலே போனால் ஒரே அமைப்புதான். மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும் குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த மரங்கள். அது சோலை. சரிவுகளிலும் முகடுகளிலும் புல். சோலை ஓரத்தில் நின்று பார்த்தால் கோடு போட்ட மாதிரி மரம் முடியும், புல் தொடங்கும். யாரோ வெட்டி ஒழுங்கு செய்த மாதிரி இருக்கும், ஆனால் இயற்கையாகவே அப்படித்தான். இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு காடாக எண்ண வேண்டும்.

வரையாட்டுக்குத் தேவை இந்தப் புல்லும் பக்கத்தில் செங்குத்துப் பாறையும். மர நிழலுக்குள் அது வாழாது. நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சிறு குருவி, புல் தூருக்குள் கூடு கட்டும். இந்த மலைப் புல்வெளிகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது. குறிஞ்சியும் அப்படித்தான். 2006-லும் 2018-லும் மலை நீலமானதை நீங்களே பார்த்திருக்கலாம். வெயில் படும் திறந்த சரிவு இருந்தால்தான் 2030-லும் அது பூக்கும். நீங்கள் 500 கன்று வைத்து அத்தனையும் பிழைத்தால், இவை எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில் வாழ வழியில்லாமல் போகும். சொந்த மரம் வைத்தாலும் அதேதான், இடம் தப்பு.

வெட்டி அடுக்கிய வாட்டிலின் கதை வேறு. அது ஆஸ்திரேலிய மரம். தோல் பதனிடப் பட்டையும் எரிக்க விறகும் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் கணக்கில் புல்வெளி என்றால் தரிசு. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதே கணக்கை வைத்துக்கொண்டு, பட்டைக்கும் கூழுக்கும் என்று இன்னும் வேகமாக நட்டோம். 1980களின் கடைசியில் நடுவது நின்றது. ஆனால் வாட்டில் நிற்கவில்லை, தானாகவே விதை போட்டுப் பரவுகிறது. பழனி மலையை 1973 முதல் 2014 வரை செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. அந்த நாற்பது வருடத்தில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நீங்கள் பார்த்த மேடு மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்கில் ஒரு துண்டு.

வைகைக்கரை

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். மேலே எல்லாம் ஒரு காலத்தில் சோலையாகவே இருந்தது, மாடு மேய்க்கிறவர்கள் தீ வைத்து வைத்துத்தான் புல்வெளி ஆனது என்று கல்லூரியில் படித்த ஞாபகம். அப்படியானால் மரம் வைப்பது பழைய நிலைக்குத் திருப்புவதுதானே?

குந்தாக்காரன்

நான் நீலகிரி. எங்கள் ஊரில் வாட்டிலைச் சீகை என்போம், யூகலிப்டஸ் கற்பூர மரம். இரண்டுக்கும் நடுவில்தான் வளர்ந்தேன், அதனால் சின்ன வயதில் அதுதான் காடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்வி பழைய கேள்வி. ஊட்டி பக்கத்தில் சாண்டிநல்லாவில் கரிச் சதுப்பு இருக்கிறது. செத்த செடிகள் மக்கி மக்கி, அடுக்கு மேல் அடுக்காகப் படிந்த கறுப்பு மண். இப்படிப்பட்ட நீலகிரிச் சதுப்புகளில் ஆழமாகத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள கரிமத்தை ஆராய்ந்தார்கள். இந்த மலைப் புற்களில் பலவும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் விதம் வேறு வேறு, அதனால் மண்ணில் விடும் தடமும் வேறு. பேராசிரியர் சுகுமார் குழு 1993-ல் இதை வெளியிட்டது. 20,000 ஆண்டுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. மழை கூடிய காலத்தில் மரம் கொஞ்சம் ஏறியது, வறண்ட காலத்தில் புல் பரவியது. மாடு மேய்க்க மனிதர்கள் மலையேறுவதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது.

மரம் ஏன் புல்லுக்குள் வரவில்லை? தை மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைகுந்தாவில் வந்து நில்லுங்கள். புல் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. சோலைக்குள் கால் வைத்தால் பனி இல்லை, மேலே இலைக்கூரை காப்பாற்றுகிறது. சோலை மரத்தின் விதை வெளியே விழுந்து முளைத்தாலும் முதல் பனியிலேயே கருகிவிடும். பகலில் அதே இடத்தில் வெயில் சுடும். புல்லுக்கு மேலே கருகினாலும் தூர் உயிரோடு இருக்கும், மழைக்குத் துளிர்க்கும். சீகைக் கன்றுக்கு அந்தப் பனி ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சோலை மரத்தால் வர முடியாத இடத்துக்கு அது வந்துவிட்டது.

தீ, மேய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. தோடர்களின் எருமை இந்தப் புல்லில்தான் வளர்ந்தது. அவர்கள் கோயில் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒரு புல் வேண்டும். சதுப்பு காய்ந்தால், அதன் மேல் சீகை ஏறினால், அந்தப் புல் கிடைக்காது. புல்வெளியைக் கெடுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது எனக்கு மனசு ஒப்பாத பேச்சு. அந்தப் புல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லாமல் போனது என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பழனி_வாத்தியார்

நான் மலைக்குக் கீழே இருப்பவன், ஓய்வு பெற்ற ஆசிரியர். தண்ணீர்ப் பக்கத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் பாலாறு பொருந்தலாறு அணை, வரதமாநதி, குதிரையாறு. தெற்கே சோத்துப்பாறை, மஞ்சளாறு. எல்லாமே பழனி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள். மலைமேல் மரம் இருந்தால்தான் தண்ணீர் வரும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொதுவாக அது சரிதான், ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்று நான் கேட்கவே இல்லை. அதை இப்போது வருத்தத்தோடு நினைக்கிறேன்.

நீலகிரியில் கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை அப்படியே புல்லும் சோலையுமாக விட்டார்கள். இன்னொன்றில் புல் இருந்த இடத்தில் நீல யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருடத்தில் நட்ட பக்கத்து ஓடையில் வருகிற தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு மறுதுளிர்ப்பில் வளர்ந்த மரங்கள் நின்ற அடுத்த சுற்றில் 25 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும், அவ்வளவுதான் விஷயம். புல்லுக்கு அந்தத் தாகம் இல்லை. அதன் அடியில் இருக்கும் கறுப்பு மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பங்குனி, சித்திரையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கீழே இருப்பவர்களுக்கு வேண்டியது அந்தச் சித்திரைத் தண்ணீர்தான்.

பூண்டுக்காடு

எல்லோரும் நல்லாச் சொல்றீங்க. நான் மேல்மலைக்காரன். பூண்டு, கேரட், பீன்ஸ் போடுகிறோம். வாட்டிலைப் பற்றி எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மேல்மலையில் மழைக்காலத்தில் குளிர் எலும்பைக் குடையும். வாட்டில் விறகு ஈரமாக இருந்தாலும் பிடித்து எரியும். எங்கள் வீட்டு அடுப்பு மூன்று தலைமுறையாக அதில்தான் எரிகிறது. கேஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வெந்நீருக்கும் குளிர்காயவும் கேஸ் கட்டுப்படியாகாது. தோட்டத்துக்குக் காற்றுத்தடுப்பும் அதுதான். பீன்ஸ் கொடிக்குக் குச்சியும் அதுதான். வெட்டும்போது ஊர் ஆளுக்கு வேலை வருகிறது என்பது உண்மை. ஆனால் நல்ல மரமெல்லாம் லாரி ஏறிக் கீழே போய்விடுகிறது, எங்களுக்கு மிஞ்சுவது தழை. அப்புறம் அந்த இடம் இரண்டு வருடத்தில் மறுபடியும் வாட்டில் புதராகிறது, முன்னைவிட நெருக்கமாக. காட்டெருமை அதற்குள் படுத்திருந்து ராத்திரி பூண்டுக்காட்டில் இறங்குகிறது. இதைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். வெட்டினால் புல் வரும் என்று சொல்கிறவர்கள் எனக்கு ஓர் இடத்தைக் காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

பறவைநோக்கி

பூண்டுக்காடு சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. நானும் வெட்டுவதற்கு முழுக்க ஆதரவு என்று சொல்ல மாட்டேன்.

கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வருடக்கணக்காகச் சோலைக் கன்றுகளை வளர்த்தவர்கள். அவர்கள் கவனித்துச் சொன்ன ஒன்று முக்கியம். வயதான வாட்டில், பைன் தோப்புகளுக்குள், பக்கத்தில் சோலை இருந்தால், சோலை மரங்கள் தாமாகவே முளைத்து மேலே வருகின்றன. குந்தாக்காரன் சொன்ன அதே பனிக் காரணம்தான் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. வாட்டில் கூரை சோலைக் கன்றைப் பனியிலிருந்து காக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று அங்கே உட்கார்ந்து எச்சம் போடுகின்றன. நானே பார்த்திருக்கிறேன், வாட்டில் அடியில் என் உயரத்துக்கு நாவல் நிற்கிறது, கீழே இலைச்சருகில் சோலைச் சிட்டு குதித்துப் போகிறது. சோலைக்குள்ளேயே வாழும் அந்தக் குருவிக்கு 2017-ல்தான் அறிவியலாளர்கள் தனிப் பேரினம் கொடுத்து, சோலையின் பெயரையே வைத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் மொத்தமாக வெட்டினால் வளர்ந்து வரும் சோலையையும் சேர்த்து அழிக்கிறோம். வெயில் உள்ளே விழும், மண்ணில் கிடக்கும் வாட்டில் விதை எல்லாம் ஒன்றாக முளைக்கும். அதன் பிறகு பூண்டுக்காடு சொன்ன புதர்தான்.

புல்மேடு

இதில் பறவைநோக்கியோடு ஒத்துப்போகிறேன். முன்பு நான் இப்படி நினைக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டித் தள்ள வேண்டும் என்ற வேகத்தில்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

பூண்டுக்காடு அண்ணன் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வெட்டினால் புல் வராது. வெட்டுவது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாட்டில் விதைக்கு ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். அதோடு வாட்டில் அவரை, துவரைக் குடும்பம். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணில் சேர்த்துவிடும். மலைப்புல் ஏழை மண்ணில் வளர்ந்து பழகியது. கொழுத்த மண்ணில் அதைவிட வேகமாகக் களை ஏறிவிடும். எனவே வெட்டிய இடத்தில் முதல் வருடம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய் வாட்டில் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் வேரோடு வரும், காய்ந்தால் ஒடிந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். பக்கத்துப் புல்வெளியிலிருந்து தூரைப் பிரித்து வந்து இடைவெளி விட்டு நட வேண்டும். நான் வேலை செய்த ஒரு துண்டு அரை ஏக்கர்கூட இருக்காது. நான்காவது வருடம்தான் வேலை செய்தது பார்வைக்கே தெரிந்தது. ஐந்தாவது வருடம் ஓரத்தில் குறிஞ்சிக் கன்று ஒன்று தானாக வந்திருந்தது. அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். வாருங்கள் அண்ணே, அந்த இடத்தைக் காட்டுகிறேன்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். முதலில் இன்னும் புல்லாகவே இருக்கும் இடத்தைக் காக்க வேண்டும். அதில் அங்கங்கே முளைக்கும் சிறு வாட்டிலை உடனே பிடுங்கினால் செலவே கிடையாது, பத்து வருடம் விட்டால் யாராலும் முடியாது. அடுத்தது புல்வெளி ஓரத்தில் புதிதாக ஏறியிருக்கும் இளம் வாட்டில். பழைய தோப்பு, அதுவும் அடியில் சோலை வரும் தோப்பு, கடைசி. சில இடத்தில் அதைத் தொடாமலே விட்டுவிடலாம். 2022-ல் அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கவென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்று மட்டும் எண்ணினால், நாளைக்கு அத்தனை ஏக்கரும் புதராகத்தான் நிற்கும். வெட்டி ஐந்து வருடம் கழித்து அங்கே என்ன நிற்கிறது என்று எண்ண வேண்டும்.

தலவாக்கலை

இலங்கை மலையகத்திலிருந்து வாசிக்கிறேன். எங்கட ஹோர்ட்டன் சமவெளியும் இதே மாதிரிதான், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல புல்வெளி, அதுக்கு நடுவுல திட்டுத் திட்டா காடு. நீங்கள் காட்டுப்பூவரசு என்று சொல்ற சிவப்புப் பூ மரமும் எங்களிடம் இருக்குது. ஒரு காலத்தில அந்தப் புல்வெளியிலயும் விதை உருளைக்கிழங்கு போட்டவை. 1988-ல தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடி ஒன்று புல்லுக்குள்ள பரவி, தொண்டர்கள் போய்ப் பிடுங்கிறது வழக்கம். நானும் இரண்டு முறை போனேன். புல்மேடு சொன்ன மாதிரி, ஒரு தரம் பிடுங்கிவிட்டு வந்தால் ஒன்றும் மாறாது. அடுத்த முறை போகும்போது அதே இடத்தில அதே செடி.

குந்தாக்காரன்

வரையாட்டுக் கணக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. தமிழ்நாட்டுப் பக்கம் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-ல் 1,303. கூடியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவை எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளில் இருக்கின்றன. முக்கூர்த்தி தேசியப் பூங்காவே 78 சதுர கிலோமீட்டர்தான். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போகும் வழியில் சீகைத் தோப்பு நின்றால் ஆடு அதைத் தாண்டாது, உள்ளே செந்நாயோ சிறுத்தையோ இருந்தால் அதற்குத் தெரியாது. எனவே எங்கே முதலில் வெட்டுவது என்று முடிவு செய்யும்போது, இரண்டு புல்வெளியை இணைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். லாரி போக வசதியான சாலையோரத்தை முதலில் வெட்டுவதால் ஆட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

பூண்டுக்காடு

புல்மேடு தம்பி, இடத்தைக் காட்டுகிறேன் என்றீர்கள், கட்டாயம் வருகிறேன். நேற்று ராத்திரி இதையெல்லாம் எங்கள் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எண்பதுக்கு மேல். அவர் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்குப் புல்லுக்கூரைதானாம். மார்கழி முடிந்து புல் அறுக்கப் பெண்கள் கூட்டமாகப் போவார்களாம். எந்த மேட்டுப் புல் நாள்பட நிற்கும், எது சீக்கிரம் மக்கும் என்று இன்னும் சொல்கிறார். அவர் பெயர் சொன்ன மேடுகளில் மூன்று எனக்குத் தெரியும். மூன்றிலும் இப்போது வாட்டில். அவை புல்மேடாக இருந்தன என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெட்டும் மரத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்று எழுதி வையுங்கள். நாற்றுப் பிடுங்கும் வேலையை ஐந்து வருடத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கே கூலிக்குக் கொடுங்கள். பூண்டுக்குக் களை எடுத்துப் பழகிய கை அது, யாரையும்விட நன்றாகச் செய்யும். தோட்டத்து ஓரக் காற்றுத்தடுப்பு மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இதற்குச் சம்மதம் என்றால், ஊர்க் கூட்டத்தில் நானே பேசுகிறேன்.

பறவைநோக்கி

பூண்டுக்காடு, அப்பத்தா சொன்ன மேடுகளின் பெயர்களை எல்லாம் தயவுசெய்து எழுதி வையுங்கள். முடிந்தால் எந்தப் புல் எங்கே என்பதையும். புல்மேடு சொன்ன ஆய்வின் செயற்கைக்கோள் படங்கள் 1973-லிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மலை அவர் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். இரண்டு பேருக்கு முதலில் மனசே வரவில்லை, கன்றுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று. நர்சரியில் கேட்டதில், அந்த 500-ஐ எடுத்துக்கொண்டு புங்கன், மருது, இலுப்பை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவை எங்கள் கண்மாய்க் கரைக்குப் போகும்.

மேல்மலைக்கு வருவது உறுதி. பூண்டுக்காடு அண்ணன் ஊரில் பேசி, அந்தக் காவலர் மூலம் வனத்துறை அனுமதியும் கிடைத்தால், மழை விழுந்த மறுநாள் சனிக்கிழமை எட்டுப் பேர் வருகிறோம், புல்மேட்டுக்குள் முளைத்திருக்கும் வாட்டில் நாற்றுப் பிடுங்க. வாட்டில் நாற்றையும் மற்றச் செடியையும் பிரித்து அடையாளம் காணத் தெரியாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

புல்மேடு

நான் வருகிறேன். சின்ன நாற்றில் இலை இறகு மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், தொட்டாற்சிணுங்கி போல, ஆனால் முள் இருக்காது, தொட்டால் சுருங்காது. பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். குறிஞ்சிக் கன்றையும் காட்டுகிறேன், தெரியாமல் அதைப் பிடுங்கிவிடக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு மேல் போனதை இழுக்காதீர்கள், அதற்கு அரிவாள் வேண்டும், நான் கொண்டு வருகிறேன். அட்டை இருக்கும், நீளக் காலுறை போட்டு வாருங்கள். காலை ஏழு மணிக்கு மன்னவனூர் பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன்.